மாடி அறையில் வந்த வசனம்

செங்கம் சாலையில் காபி நன்றாக இருக்கும் சார். நானும் மாறனும் சென்னையிலிருந்து இங்கே வந்து மாடியில் அறை எடுத்ததற்கு அதுவும் ஒரு காரணம். இன்னொன்று வேலைநிறுத்தம்.

டிவி தொடர்களுக்கு எழுதுகிறவர்கள் எல்லோரும் பேனாவை மூடி வைத்திருந்தோம். எங்கள் பெயர் தினமும் திரையில் வரவேண்டும், அவ்வளவுதான் கோரிக்கை. சேனலில் பழைய பாகங்களையே திரும்பத் திரும்ப ஓட்டினார்கள். விளம்பரம் குறைந்துபோனது. எங்கள் தொடரோ, கதாநாயகி விஷம் கலந்த பாலைக் கையில் எடுத்த இடத்தில் நின்றிருந்தது. வீட்டுக்கார அம்மா எல்லம்மாளுக்கு அதே கவலை.

"அந்தப் பொண்ணு பாலைக் குடிச்சிட்டாளா இல்லியா? நீங்களாச்சும் சொல்லுங்க மாறன் சார்."

கதை என்னுடையது. மாறன் வசனம் மட்டும்தான். அவனைச் சேனலுக்கு அழைத்துப் போனதே நான். ஆனால் ஜனங்கள் வாயில் நிற்பது வசனம்; கதையை யோசித்தவனை யாரும் கேட்பதில்லை. எனக்கு வயிற்றெரிச்சல் இருந்தது. அதை மறைக்கவில்லை.

ஒருநாள் சேனலிலிருந்து அவனுக்குப் போன் வந்தது. யாருக்கும் தெரியாமல் எழுதித் தரவேண்டும், கதையையும் அவனே பார்த்துக்கொள்ளலாம். அவன் சம்மதித்துவிட்டான்.

"ஜனங்க பாவம்ணா, காத்துக்கினு இருக்காங்க" என்றான்.

சங்கத்துக்கு இது துரோகம். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அன்று முழுக்க என் போனைப் பக்கத்திலேயே வைத்திருந்தேன். அது அடிக்கவில்லை.

எழுதியதை உரக்க நடித்துப் பார்க்காமல் மாறன் அனுப்பமாட்டான். அழுவான், கத்துவான், எனக்கும் ஒரு வேஷம் கொடுப்பான். முதல் தடவை பதறிப்போய் மாடியேறி வந்த எல்லம்மாள், அதன்பிறகு அந்தச் சத்தத்துக்காகவே வாசலில் உட்கார ஆரம்பித்தார். பக்கத்து வீட்டுத் தனமும் வந்துவிடுவார். டிவியில் வராத கதை மாடியிலிருந்து வந்தால் யார் விடுவார்கள்?

பிறகு ஒருநாள் மத்தியானம், அண்ணன் தம்பியின் கழுத்தைத் துண்டால் நெரிக்கும் காட்சி. துண்டை அவனே கொடுத்துவிட்டு, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான்.

"நெஜமாவே இறுக்குண்ணா. அப்பதான் சரியா வரும்."

இறுக்கினேன். "வுடுண்ணா, நான் உன் தம்பிண்ணா" என்றான். அவன் எழுதி வைத்திருந்தது அதுவல்ல. எழுதியது நீளமாக, சுமாராக இருந்தது. இது வேறு என்று எனக்குப் புரிந்தது. கையைத் தளர்த்தவில்லை. கீழே மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்த இரண்டு பேரும் உச்சுக்கொட்டுவது ஜன்னல் வழியே கேட்டது. அவர்களைக் குறை சொல்லாதீர்கள் சார்.

அறையைப் பூட்டிக்கொண்டு இறங்கினேன். மாறன் தூங்குகிறான் என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறியிருக்கலாம். அப்படித்தான் நினைத்திருந்தேன். எல்லம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அழுவையே வந்துடுச்சு சார். கடைசியா 'நான் உன் தம்பிண்ணா'னு ஒண்ணு சொன்னாரே! மாறன் சார் மாதிரி யாரால எழுத முடியும்?"

இதற்கும் அவன் பெயர்தானா?

"அது அவன் எழுதுனது இல்லைங்க. வாங்க, காட்டறேன்" என்றேன்.

மாடிக்கு அழைத்துப்போய்க் கதவைத் திறந்து, மேஜையிலிருந்த காகிதத்தை எடுத்து நீட்டினேன். அவர் அதைப் பார்க்கவே இல்லை. கத்த ஆரம்பித்துவிட்டார்.

மாறனைக் கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். கூடவே அந்த வசனத்துக்கும் என் பெயரைப் போடுங்கள் சார். நான் இறுக்காவிட்டால் அவனுக்கு அது வந்திருக்காது.