இடி அண்ணன் நின்ற வட்டம்

பெருமைமிகு தலைவர் அவர்களே! என் கையில் ஒலிவாங்கியைக் கொடுப்பது ஆபத்து என்று தெரிந்தும் கொடுத்துவிட்டு, இப்போது நாற்காலி நுனியில் தவிக்கும் விழாக் குழுவினரே! முன்வரிசையில் முத்தாய் வீற்றிருக்கும் மூத்தோரே! அடுப்பை அணைத்தோமா இல்லையா என்ற ஐயத்தோடு அமர்ந்திருக்கும் அன்னையரே! கடைசி வரிசையில் கைதட்டக் காத்திருக்கும் என் கூட்டாளிகளே! ஒருவர் விடாமல் உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

அஞ்சாதீர்கள் தலைவரே, இன்று உங்கள் குரலில் பேசமாட்டேன். போன விழாவில் வாங்கிக் கட்டிக்கொண்டதே போதும்.

அழைப்பிதழில் என்ன அச்சிட்டிருக்கிறார்கள்? 'மறைந்த இடி அண்ணன் குரலில் பலகுரல் நிகழ்ச்சி' என்று அச்சிட்டிருக்கிறார்கள். அந்தப் பலகுரல்காரி நான்தான். குரல் தயார். ஆனால் குரலுக்கு முன்னால் கதையைக் கேளுங்கள்.

நம் மத்திய அலை வானொலி எங்கே பிறந்தது? மாளிகையிலா? மண்டபத்திலா? மூட்டை அடுக்கிய கிடங்கின் மாடியில் பிறந்தது! ஒலிபரப்பு அறையில் எதிரொலி எழாதிருக்கச் சுவரெல்லாம் கம்பளி. தெருச்சத்தம் நுழையாதிருக்க ஜன்னலெல்லாம் கம்பளி. இருந்ததோ ஒரே ஓர் ஒலிவாங்கி. மெல்லிய குரல்காரர் அதன் அருகே நிற்க வேண்டும், பெரிய குரல்காரர் தள்ளி நிற்க வேண்டும். யார் எங்கே நிற்பது என்று தரையில் சாக்கட்டியால் வட்டம் போட்டிருந்தார்கள். எல்லா வட்டமும் நடுவில் இருக்க, ஒரு வட்டம் மட்டும் கதவோரம் ஒதுங்கிக் கிடந்தது. அதுதான் இடி அண்ணனின் வட்டம்!

அவர் பேருந்துப் பணிமனையில் நேரக்காப்பாளர். "கிளம்பு" என்று அவர் குரல் கொடுத்தால், சக்கரம் கழற்றிப் போட்ட பேருந்தும் ஒரு கணம் கிளம்ப நினைக்கும்! மதிய இடைவேளையில் மாடியேறி வந்து வானிலை வாசிப்பார். அந்நாளில் நிகழ்ச்சி என்றால் என்ன? இசைத்தட்டு, வானிலை, இசைத்தட்டு, பேருந்து நேரம், மறுபடியும் அதே இசைத்தட்டு. வானொலிப் பெட்டி வாங்கியவர்கள் அதன்மேல் பூச்சாடி வைத்தார்கள்!

ஒருநாள் "வானம் தெளிவாகக் காணப்படும்" என்று இடி அண்ணன் முழங்குகிறார். கம்பளி மூடிய அறையில் வானம் எங்கிருந்து தெரியும்? கதவைத் தள்ளிக்கொண்டு தட்டச்சுப் பெண் நுழைகிறாள். ஒலிபரப்பு நடக்கிறது என்று வாசலில் எரிந்த சிவப்பு விளக்கை அவள் கவனிக்கவில்லை.

"எதுண்ணே தெளிவு? தொப்பலா நனைஞ்சு வந்து நிக்கிறேன், என்னைப் பாத்தா எப்படித் தெரியுது?"

"வானிலை ஆபீஸ் எழுதிக் குடுத்திருக்காங்கம்மா."

"அவங்க ஜன்னலையும் கம்பளி போட்டு மூடிட்டாங்களா? புடவையப் புழிஞ்சு காட்டவா?"

அந்த இடிச்சிரிப்பு ஊர் முழுக்கக் கேட்டது. "வேணாம் தாயே! நீ சொன்னா மழைதான் தங்கச்சி!"

மேலாளர் சீட்டைக் கிழிப்பார் என்று இருவரும் நடுங்கினார்கள். கீழேயிருந்து தையல்கடைக்காரர் படியேறி வந்து, "நாளைக்கும் இந்த அண்ணனும் தங்கச்சியும் பேசுவாங்களா?" என்று கேட்டார். பூச்சாடிகள் இறங்கின! நம் நிலையத்தின் முதல் உண்மையான நிகழ்ச்சி அன்று பிறந்தது. குழாயில் தண்ணீர் வராததற்குச் சண்டை, குடையைத் தொலைத்ததற்குச் சண்டை. எந்தச் சண்டையானாலும் அண்ணன் அதே வார்த்தையில்தான் தோற்பார்: "நீ சொன்னா மழைதான் தங்கச்சி!"

அந்தத் தங்கச்சி என் பெரியம்மா. இதோ, முன்வரிசையில்! முந்தானையில் முகத்தை மறைக்காதீர்கள் பெரியம்மா, எல்லோரும் பார்த்தாயிற்று.

அவையோரே, ஒரு காலையில் இடி ஓய்ந்தது. பணிமனை நாற்காலியில் அமர்ந்தபடியே அண்ணன் போய்விட்டார்.

மறுநாள் மேலாளர் ஒரு நாடகக்காரரை அழைத்து வந்தார். அச்சு அசலாக அதே குரல்.

"ஜனங்களுக்குத் தெரியவா போகுதும்மா?"

"வீட்டு மனுஷன் குரல் வீட்டுல உள்ளவங்களுக்குத் தெரியாதா சார்? செத்தவர உசிரோட இருக்கார்னு நான் எப்படிச் சொல்லுவேன்?"

"அப்போ தனியாப் பேசு. மைக் அமைதியா நின்னுச்சுன்னா இசைத்தட்டு ஓடிடும். அதோட நிகழ்ச்சியும் முடிஞ்சுது, உன் வேலையும் முடிஞ்சுது."

அது வெறும் மிரட்டலா? இல்லை, நிலையத்தின் சட்டமே அதுதான். மௌனம் நீண்டால் பொறியாளர் இசைத்தட்டில் முள்ளை வைத்துவிட வேண்டும்.

சிவப்பு விளக்கு எரிந்தது. பெரியம்மா தன் வட்டத்தில் நின்றார். கதவோர வட்டம் காலி.

"வணக்கம். நம்ம இடி அண்ணன் நேத்து இறந்துட்டாரு. அவர் வட்டத்துல வேற யாரும் நிக்கல. வானம் தெளிவா இருக்கும்னு எழுதிக் குடுத்திருக்காங்க. ஆனா அண்ணே... இங்க மழைண்ணே."

மௌனம். பொறியாளர் முள்ளைத் தூக்கினார். தூக்கிய கை தூக்கியபடியே நின்றது. வேலை போகும் என்று தெரியாதா அவருக்கு? தெரியும்! இருந்தும் கை இறங்கவில்லை.

தன் அறையில் வானொலிப் பெட்டி முன்னால் பொருமிக்கொண்டிருந்த மேலாளரின் காதில், திறந்த ஜன்னல் வழியே ஒரு குரல் விழுந்தது. தையல்கடையிலிருந்து. பிறகு முடிதிருத்தும் கடையிலிருந்து. பிறகு எதிர்மாடியிலிருந்து ஒரு பெண் குரல். கொளுத்தும் வெயிலில் தெருவே சொன்னது: "நீ சொன்னா மழைதான் தங்கச்சி."

கம்பளிக்குள் நின்ற பெரியம்மாவுக்கு அது கேட்கவில்லை. கேட்டவர் மேலாளர். அவர் எழுந்து போய் நாடகக்காரரை அனுப்பிவைத்தார். தரை துடைக்கும்போது அழிந்துபோகும் அந்தக் கதவோர வட்டத்தை, அதன்பின் ஒவ்வொரு காலையும் குனிந்து தன் கையாலேயே வரைந்தார். நிகழ்ச்சி நின்றதா? நிற்கவில்லை. பெரியம்மா கேட்பார், காத்திருப்பார், ஊர் பதில் சொல்லும்.

இப்போது என் விஷயத்துக்கு வருகிறேன். நேற்று அண்ணன் குரலைப் பெரியம்மாவிடம் பேசிக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார். "அப்படியே இருக்குடி" என்றார். அடுத்து ஒன்று கேட்டார்: "எங்க நின்னு பேசப்போற?"

போய் ஒரு சாக்கட்டி வாங்கி வந்தேன்.

மேடையோரம் பாருங்கள், சாக்கட்டி வட்டம். காலையில் நான்தான் போட்டேன். அதில் நான் நிற்கப்போவதில்லை. அழைப்பிதழை அடித்துத் திருத்திக்கொள்ளுங்கள், குழுவினரே!

பெரியம்மா, இந்தாங்க மைக். இன்னிக்கு வானிலை என்ன?

...

கேட்டீங்களா பெரியம்மா? இன்னிக்கு நடுவில் கம்பளி இல்லை. "மழைதான் தங்கச்சி" என்று மண்டபமே சொன்னது, உங்கள் காதுபடச் சொன்னது!

பதில் தந்த அத்தனை குரல்களுக்கும் நன்றி. வணக்கம். வெளியே நல்ல வெயில்; ஆனாலும் குடையை விரித்துக்கொண்டே வீடு போய்ச் சேருங்கள்!