காட்டுக்குப் போகாத அரசன்

தலைவர் சிவபாதசுந்தரம் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் நகரசபைக் கனவான்களே, கொட்டாஞ்சேனைப் பெருமக்களே, தாய்மார்களே!

இந்த அனுதாபக் கூட்டத்தில் துக்கத்தோடு நிற்கிறேன். ஆனால் ஒரு கேள்வியும் என்னைக் குடைகிறது. ஒரு நாடகத்தை யாராவது இரண்டு வருஷம் ஒத்திகை பார்ப்பார்களா? பார்த்தாரே காலஞ்சென்ற நமது நகரசபை உறுப்பினர், கலாமன்றக் காப்பாளர் ஜனாப் இஸ்ஸதீன் அவர்கள்! ஏன் பார்த்தார்?

நாடகத்தை எழுதியவன் நான். அரசன் ஒருவன் எல்லாவற்றையும் துறந்து காட்டுக்குப் போகிற கதை. சபையில் வாதாடிக் கலைக்கான மானியத்தை வாங்கித் தந்த கையோடு, அண்ணன் முறையில் நாமெல்லாம் 'நானா' என்று அழைத்த அவர் என்னிடம் வந்தார்.

"மாஸ்டர், இதுல ஒரு கல்யாணம் வைங்களேன்."

"துறவுக் கதையிலை கல்யாணத்தை எங்கை நானா வைக்கிறது?"

"மகளைக் கட்டிக் குடுக்காம எந்த வாப்பா காட்டுக்குப் போவான்?"

என்ன வாதம், பாருங்கள்! நான் தோற்றுப்போனேன்.

ஜப்பான்காரன் குண்டு போட்டுப் போன மறுவருஷம் அது. பர்மா அரிசி நின்றுவிட்டது. கூப்பன் அரிசி பாதி வாரத்துக்கும் காணாது. பொதுச் சமையலறைகள் திறந்துதான் இருந்தன. ஆனால் கோட்டுப் போட்டுக் கந்தோருக்கு வேலைக்குப் போகிறவன் கோப்பையோடு வரிசையில் நிற்பானா? செத்தாலும் நிற்கமாட்டான்!

நம் கல்யாணக் காட்சியிலோ நடிகர்கள் பெருகிக்கொண்டே போனார்கள். பெண் வீட்டார், மாப்பிள்ளை வீட்டார், அயலூர் அரசர்கள், அவர்களுடைய மந்திரிகள்! ஞாயிறுதோறும் மேடையிலே பந்தி. வாழையிலையில் மரவள்ளிக்கிழங்கு, பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு.

கணக்குப் பார்க்க ஒரு உத்தியோகத்தர் வந்தார். "கலைக்குக் குடுத்த காசிலை கத்தரிக்காய் என்னத்துக்கு?" என்றார். நானா அசரவில்லை. "வெறும் இலையப் போட்டா சனம் சிரிக்கும் ஐயா. உக்காந்து பாருங்க." அவரும் உட்கார்ந்தார். அடுத்த ஞாயிறு மாப்பிள்ளையின் தாய்மாமனாகவே வந்து நின்றார்!

ஒருநாள் எனக்குப் பொறுமை போய்விட்டது. "இவையளைப் பொதுச் சமையலறைக்கு அனுப்பினால் என்ன நானா? என்ரை நாடகம் எப்ப மேடையேறுறது?"

அவர் சிரித்தார். "அங்க போனாப் பேரு சொல்லணும் மாஸ்டர். இங்க வேஷம் போட்டாப் போதும்."

யார் யார் வந்தார்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. நீங்களும் கை தூக்கவேண்டாம். என் கதையை மட்டும் சொல்கிறேன். மாப்பிள்ளையின் தகப்பன் வேஷம் எனக்கு. பந்தியில் முதல் இலை என்னுடையது. "அந்த முகவெட்டு ஒங்களுக்குத்தான் இருக்கு" என்று சொல்லித் தந்தார். நானும் நம்பினேன்! பள்ளிக்கூடச் சம்பளத்தில் அரை வயிறு உண்கிற வீடு என் வீடு. நானா, என் முகத்தைப் பார்த்தா அந்த வேஷத்தைத் தந்தீர்கள்? இல்லை, வயிற்றைப் பார்த்தா? அறிய ஆசைப்படுகிறேன். இனி யாரிடம் போய்க் கேட்பேன்?

இப்போது மானியம் தந்த நகரசபை கேட்கிறது, நாடகம் எப்போது அரங்கேறும் என்று. நியாயமான கேள்வி. அரங்கேறினால் மானியம் முடியும், பந்தியும் முடியும். ஆகவே எழுதியவன் என்ற முறையில் எல்லோரும் அறியச் சொல்கிறேன்: நாடகம் இன்னும் முடியவில்லை! அரசனுக்கு இரண்டாவது மகள் இருக்கிறாள். மூன்றாவதும் பிறப்பாள். இந்தப் பஞ்சம் தீரும்வரை அவன் காட்டுக்குப் போகமாட்டான்! என் பெயர் மேடையேறாவிட்டால் போகட்டும்.

அரசன் வேஷம் நானாவுடையது. வரும் ஞாயிறு அதை நான் போடுகிறேன். எனக்குப் பொருந்தாது, தெரியும். ஆனாலும் பந்தல் வாசலில் நின்று அவருடைய வசனத்தைச் சொல்வேன். அந்த நாடகத்தில் நான் எழுதாத வசனம் அது ஒன்றுதான்.

"வாங்க, வாங்க. சாப்பிடாம ஒருத்தரும் போகப்படாது."