ரேகை தேஞ்ச மூணு வெரலு

இல்ல சார், ஆசிடும் படல, பசையும் ஒட்டல. வில்லு சார், வில்லு. நாண இழுத்து இழுத்து ரேகை தேஞ்சு போச்சு. சிரிக்காதீங்க சார். தெனமும் பிரஸ் ஷாப்புல நின்னு வேலை பாக்கேன், பதினோரு நாளா உங்க மிஷினு மாசானம்னு ஒருத்தன் பொறக்கவே இல்லங்குது. காலைல கேட்டுல வெரல வச்சா செவப்பு லைட்டு. செக்யூரிட்டி அண்ணன், இன்னாபா, உசுரோடதான் கீறியான்னு கேக்காரு. பாவம், நோட்டுல பேர எழுதிக்கிட்டு உள்ள விட்டுருதாரு. ஆனா டைம் ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு நோட்டு செல்லாதாமே. இன்னைக்கும் வெரல் பதியலன்னா வேலைய விட்டு எடுத்துருவோம்னு லெட்டர் வந்திருக்கு. கீழ உங்க கையெழுத்துதான். எபினேசர்னு அழகா போட்டிருக்கீங்க.

ஒரு வெரல் தேயலாம், மூணுமா தேயும்னா? நல்லா கேட்டீங்க. இந்த ஐடி கார்டு கயித்த நாணுன்னு வச்சுக்கிடுங்க. ரெண்டு முனையும் நீங்க புடிங்க. அட புடிங்க சார், யாரும் பாக்கல. இந்தப் பேனாதான் அம்பு. அம்புக்கு மேல ஆள்காட்டி வெரலு. கீழ நடுவெரலும் மோதிர வெரலும். கட்டவெரலும் சுண்டுவெரலும் எதையும் தொடாம சும்மா இருக்கணும், எங்க லைன் சூப்பர்வைசர் மாதிரி. அம்புட்டுதான். போன வருசம் வேலைக்குச் சேந்த அன்னைக்கு உங்க மிஷின்ல பதிஞ்சதும் இதே மூணு வெரலு. என் நேரம் அப்பிடி.

அதுலயும் பாத்துக்கிடுங்க, நாணு வெரலோட முதல் மடிப்புல உக்காரணும். இந்தா, இந்தக் கோடு இருக்குல்ல, இங்க. நுனில புடிச்சா நாணு வழுக்கும், அம்பு கோணிக்கிட்டுப் போவும், தோலு தேயும். மடிப்புல புடிச்சா நுனிக்கு ஒண்ணும் ஆவாது. ரேகை அப்பிடியே இருக்கும்.

நான் எங்க புடிச்சேனா? நுனிலதான். எட்டு மாசமா.

உங்க மேசை மேல இருக்க போட்டோவையா? நான் எங்க சார் பாத்தேன். அதுக்குப் பின்னால காலண்டரப் பாத்தேன். பொங்கலுக்கு எத்தன நாளு லீவுன்னு.

யாரு சொல்லிக் குடுக்காங்களா? ஒரு டீச்சர். ஞாயித்துக்கிழமை சாயந்திரம். நல்ல டீச்சர் சார், கோவமே வராது. ஒரு தடவ வந்துச்சு. நான் விட்ட அம்பு குறிக்கு வச்ச வைக்கக்கட்டுக்கு மேல பறந்து, மனை விற்பனைக்குன்னு ஒரு போர்டு நிக்குமே, அதுல கும்புட்டுக்கிட்டு நிக்க ஓனரு மூக்குல போய் குத்திருச்சு. அந்தாளு ரெண்டு காரு நெறைய ஆளோட வந்துட்டாரு. டீச்சர்தான் பேசி அனுப்புனா. அனுப்புனாங்க. நம்ம கம்பெனி அட்டப்பெட்டிய வெட்டி மூக்குக்கு ஒட்டுப்போட்டுக் குடுத்தோம். முன்னவிட நல்லா இருக்காரு.

எந்த போர்டா? பிள்ளைப்பாக்கம் பக்கம்னு வச்சுக்கிடுங்க. ஏன் சார், மொகம் ஒரு மாதிரி ஆவுது? தண்ணி குடிங்க. இல்ல, கயித்த விட்டுறாதீங்க.

இடது கையா? ஆமா சார். இடது கை வில்லத்தான் புடிக்கும், அதுல ரேகை எல்லாம் பத்திரமா இருக்கு. பதிஞ்சா ரெண்டு நிமிச வேலை. மொத நாளே தெரியும். குடுத்திருந்தா பச்ச லைட்டு எரிஞ்சிருக்கும், நானும் லைனுக்குப் போயிருப்பேன். அப்புறம் இந்த ரூமுக்கு வர என்ன காரணம் சொல்ல? இதோட ஒம்பது தடவ வந்துட்டேன். ஒவ்வொரு தடவையும் சொல்லணும்னுதான் வாரேன். உங்க கண்ணாடியப் பாத்ததும் நாக்கு ஒட்டிக்கிடுது. மிஷினு சரியில்ல சார்னு சொல்லிட்டுத் திரும்பிப் போயிருதேன்.

மடிப்புல புடிக்கணும்னு மொத நாளே புரிஞ்சிருச்சு சார். நான் ஒண்ணும் மக்கு இல்ல. ஆனா சரியா புடிச்சவங்கள விட்டுட்டு டீச்சர் அடுத்த ஆளப் பாக்கப் போயிருவாங்க. தப்பா புடிச்சா நின்னு, ஒவ்வொரு வெரலா எடுத்து நாணுல வச்சுட்டுப் போவாங்க. அடுத்த அம்புக்கு மறுபடியும் நுனிக்கு வந்துருவேன். மூணாவது வாரமே கேட்டுட்டாங்க, தெரிஞ்சுதானே தப்பா புடிக்கிறன்னு. ஆமான்னேன். நானும் தெரிஞ்சுதான் திருத்துறேன்னுட்டு அடுத்த ஆளுகிட்ட போயிட்டாங்க. அன்னைக்கு நான் விட்ட அம்ப இன்னும் தேடுதோம்.

எங்கம்மாட்ட சொல்லியாச்சு. சொர்ணம்மாளுக்கு ஒரே கேள்விதான், சர்ச்சுல கல்யாணம்னா பிரியாணி உண்டுமான்னு கேக்கா.

கோவப்படாதீங்க சார். வேலைய விட்டு எடுக்கணும்னா எடுங்க, வேற கம்பெனி பாத்துக்கிடுவேன். பொண்ணு கேக்க உங்கள விட்டா வேற ஆள் இல்லல்ல. இந்தாங்க இடது கை. பதியுறதுக்கு முன்னால ஒரு தடவ ஜன்னல் வழியா கேட்டப் பாத்துருங்க. போட்டோல மெடலோட நிக்கால்ல உங்க மக ஜெர்சி, அவதான் ஸ்கூட்டில உக்காந்திருக்கா. இன்னைக்கும் சொல்லாம வந்தா அவளே மேல வந்துருவாளாம். வெயிலு வேற.