சைலன்சரும் இரண்டாவது இருக்கையும்

காலணிகளைக் கழற்றி, இரண்டின் முனையும் சுவரைப் பார்க்கும்படி நேராக வைத்துவிட்டு உள்ளே வந்தீர்கள். அதற்கு முதலில் நன்றி. இந்தத் தெருவில் அப்படிச் செய்பவர்கள் குறைந்துவிட்டார்கள். அழைப்பு மணியிலிருந்து விரலை எடுக்காமல் அழுத்திக்கொண்டே நின்றதை மட்டும் நான் ஒழுங்கில் சேர்க்க மாட்டேன். போக்குவரத்து ஆய்வாளர்களுக்கு அது தொழில் பழக்கமாக இருக்கலாம்.

குரலைத் தாழ்த்திப் பேச வேண்டியதில்லை. முன்னறையில் வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, மடியில் பழந்துணி விரித்து ஒரு குழாயைத் துடைத்துக்கொண்டிருக்கிறானே, அவன் என் தம்பி. வேலையில் இறங்கிவிட்டால் அவன் எதையும் கவனிக்க மாட்டான்.

நீங்கள் கொண்டுவந்த புகாரைப் படித்தேன். எதிர்வீட்டு வக்கீல் எழுதியது என்பது நடையிலேயே தெரிகிறது. ‘காது கிழியும் சத்தம்’ என்கிறார். காது கிழியாது, செவிப்பறைதான் கிழியும். ஓர் அச்சகத்தில் பிழைதிருத்துநராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். சொல் பிசகினால் கண்ணில் மணல் விழுந்ததுபோல் இருக்கும். மற்றபடி புகாரில் பொய் இல்லை. எங்கள் ஷெட்டில் நிற்கும் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரின் புகைக்குழாய் இந்த வீட்டில்தான் மாற்றப்பட்டது. சத்தம் கூடுவதற்காகவே மாற்றப்பட்டது.

ஆனால் ஒன்றை நீங்கள் திருத்திக்கொள்ள வேண்டும். வந்ததும் என் தம்பியிடம் கேள்வி கேட்டீர்கள். வேண்டுமென்றே செய்ததா என்றீர்கள்; தலையாட்டினான். ஊரார் சொல்லியும் நிறுத்தவில்லையா என்றீர்கள், சிரித்துக்கொண்டே தலையாட்டினான். அதை ஒப்புதல் என்று குறித்துக்கொண்டீர்கள். அதை அடித்துவிடுங்கள். குழாயை அறுத்தது அவன் கைதான். குற்றம் என்று ஒன்று இருந்தால் அது என்னுடையது. வரிசையாகச் சொல்லுகிறேன், இடையில் குறுக்கிட வேண்டாம்.

என் தம்பி லிஃப்ட் மெக்கானிக். ஊரிலுள்ள உயரமான கட்டடங்களின் உச்சியில், மோட்டார் அறைகளுக்குள் அவன் வாழ்க்கை கழிந்தது. நான் திருமணம் செய்துகொள்ளவில்லை. அவனும் செய்துகொள்ளவில்லை. பெற்றோருக்குப் பிறகு நாங்கள் இருவரும் இந்த வீட்டை ஒரு சுருக்கமில்லாமல் நடத்தி வந்தோம். அவனுடைய துண்டு நீலக் கொக்கியில், என்னுடையது வெள்ளைக் கொக்கியில். அவன் ஓய்வு பெற்ற அன்று, என்னை ஒரு வார்த்தை கேட்காமல், பழைய சிவப்புக் கார் ஒன்றை ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினான்.

“என்னக்கா, எப்படி இருக்கு?”

“கதவு ரெண்டுதான் இருக்கு.”

“சீட்டும் ரெண்டுதான். நாம என்ன ஊர்வலமா போகப் போறோம்? எனக்கு ஒண்ணு, உனக்கு ஒண்ணு.”

இந்தக் கடைசி வாக்கியத்தை நினைவில் வையுங்கள். சொன்னவன் அவன், நான் கேட்கவில்லை. என்றாலும் இரண்டாவது இருக்கைக்கு உறை தைத்த மெத்தை ஒன்று செய்தேன், ஏனென்றால் அந்த இருக்கை முழங்காலைவிடத் தாழ்ந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஏரிச் சாலையில் போவோம். என் கூந்தல் கலையாத வேகத்தில் ஓட்டச் சொல்வேன். “அக்கா, நம்மள ஒரு சைக்கிள் முந்திட்டுப் போறான்” என்று சிரிப்பான். அவன் சிரிப்பது எனக்குப் பிடிக்கும். இதையும் குறித்துக்கொள்ளலாம்.

ஒருநாள் அவன் முகம் வாடியிருந்தது. “ஸ்போர்ட்ஸ் காருன்னுதான் பேரு. சத்தமே வரலையேக்கா. ஃபிரிட்ஜ் ஓடற மாதிரி இருக்கு” என்றான்.

உண்மையில் அந்தக் கார் அப்போதே தெருமுனையில் திரும்பும்போது எங்கள் சமையலறைத் தட்டுகள் கிலுகிலுக்கும். வக்கீல் வீட்டு நாய் கட்டிலுக்கடியில் போய்விடும். காரில் குறையில்லை என்று எனக்குத் தெரியும். குறை எங்கே என்பதும் தெரியும். குக்கர் விசில் அவன் தலைமாட்டில் அடித்தாலும் அவன் பத்திரிகையின் பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருப்பான். சொல்லியிருக்கலாமே என்பீர்கள். அவன் என்னிடம் காரைப் பற்றித்தான் கேட்டான். காதைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்காததற்கு விடை சொல்வது என் பழக்கமில்லை.

ஆகவே காரைத் தாங்கிகளின் மேல் ஏற்றினான். புகைக்குழாய் சைலன்சருக்குள் நுழைவதற்கு முன்னால், சத்தத்தை மழுக்கித் தரும் சிறிய உருளை ஒன்று இருக்கும். அதை அறுத்தெடுத்துவிட்டு நேர்க்குழாயை வைத்துப் பற்றவைத்தான். சத்தம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, அவன் தன் தொழில் முறையையே வீட்டுக்குக் கொண்டுவந்தான். மோட்டார் அறையில் வாய்ப்பேச்சு எடுபடாது, கையால்தான் பேசுவார்கள். உள்ளங்கை மேல்நோக்கினால் ‘இன்னும்’, கீழ்நோக்கினால் ‘போதும்’. கை காட்டுபவர் ஒருவர்தான். இயக்குபவர் தன் கண்ணையும் காதையும் ஒதுக்கிவைத்துவிட்டு அந்தக் கையை மட்டும் நம்ப வேண்டும். நம்பாமல் விரலை இழந்தவர்கள் உண்டாம். அவன் இருக்கையில் உட்கார்ந்து ஆக்சிலரேட்டரை மிதிப்பான். நான் காருக்குப் பின்னால் நிற்பேன். பின்னோக்குக் கண்ணாடியில் என் கையைப் பார்ப்பான். இவ்வளவு செம்மையான ஏற்பாட்டை எங்கள் அச்சகத்தில்கூட நான் கண்டதில்லை.

அந்த முதல் முறை நான் நேர்மையாகவே கை காட்டினேன். சத்தம் சற்றுக் கூடியதும் உள்ளங்கையைக் கவிழ்த்தேன். “இப்பதான்க்கா உயிர் வந்த மாதிரி இருக்கு” என்றான். அத்துடன் நின்றிருக்கும்.

பிறகு வயலின் டீச்சர் வந்தார்.

அவர் குடியிருக்கும் கட்டடத்தின் லிஃப்டை என் தம்பி பல ஆண்டுகள் பராமரித்து வந்தான். ஓய்வு பெற்ற பிறகும் அந்த லிஃப்ட் அடிக்கடி பழுதாயிற்று. பழுதாகாத நாள்களிலும் அவன் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். டீச்சர் கணவரை இழந்தவர், நல்லவர், அடக்கமானவர். மணியை ஒரே ஒரு முறை, மிகச் சுருக்கமாக அழுத்துவார். திறக்காவிட்டால் சிறிது நேரம் நின்றுவிட்டுப் போய்விடுவார். அவர் குரலும் அப்படித்தான். என்னை ‘அக்கா’ என்று அழைத்தார். அந்தச் சொல்லுக்கு உரிமையுள்ளவர் உலகில் ஒருவர்தான் என்பதை நான் அவரிடம் எடுத்துச் சொல்லவில்லை. விருந்தாளியைத் திருத்தக் கூடாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் தயாராகி வெளியே வந்தபோது, இரண்டாவது இருக்கையில் டீச்சர் இருந்தார். என் மெத்தை ஷெட்டில், பெயிண்ட் டப்பாக்களுக்கு நடுவே இருந்தது.

“அக்கா, நீ அடுத்த வாரம் வாயேன். டீச்சர் ஏரியைப் பாத்ததே இல்லையாம்.”

இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவர் ஏரியைப் பார்த்ததில்லை. நான் மறுக்கவில்லை. அதற்கு அடுத்த வாரமும் அவர் ஏரியைப் பார்த்ததில்லை.

எனக்கு அதில் வருத்தம் ஏதும் இல்லை. மெத்தையை எடுத்துத் தூசி தட்டி அலமாரியில் வைத்தேன், அவ்வளவுதான். ஒருநாள் டீச்சர் பாத்திரம் துடைக்க உதவுவதாகச் சொல்லிச் சமையலறைக்கு வந்தார். கரண்டிகளை முள்கரண்டிகளின் தட்டில் போட்டார். பிறகு மெல்லச் சொன்னார்:

“அக்கா, தப்பா நினைக்காதீங்க. அவருக்குக் காது கொஞ்சம் மந்தமா இருக்கு. பாதிக்கு மேல சும்மா சிரிச்சே சமாளிக்கிறாரு. எனக்குத் தெரிஞ்ச டாக்டர் இருக்காங்க. இப்பவே காட்டினா இருக்கறதையாவது காப்பாத்தலாம். நான் சொன்னா கூச்சப்படுவாரு, நீங்க சொல்லுங்களேன்.”

“நான் பாத்துக்கறேன்” என்றேன்.

பார்த்துக்கொண்டேன். அதைத்தான் சொல்ல வருகிறேன். கரண்டிகளை முதலில் சரியான தட்டில் வைத்தேன். பிறகு தம்பியிடம் போய், “வண்டிச் சத்தம் குறைஞ்ச மாதிரி இருக்கே” என்றேன்.

அவன் முகம் மலர்ந்துவிட்டது. “நானும் அதேதான்க்கா நினைச்சேன்! யார்கிட்ட சொல்றதுன்னு இருந்தேன்.”

அந்த வாரமே சைலன்சர் பெட்டி முழுவதையும் கழற்றினோம். துருப்பிடித்த போல்ட்டுகளுக்கு எண்ணெய் விட்டு ஊறவைத்ததும், குழாயைத் தாங்கும் ரப்பர் வளையங்களில் சோப்பு நீர் தடவி நழுவச் செய்ததும் நான். அந்த இடத்தில் வெறும் குழாயை மாட்டினான். சோதிக்கும் நேரத்தில் ஷெட்டின் ஷட்டரை இறக்கிவிட்டேன். தெருவில் உள்ளவர்களுக்குத் தொந்தரவு கொடுக்கக் கூடாது என்பதற்காக. புகை வெளியேறப் பின்ஜன்னலைத் திறந்துவைத்தேன். நான் கொலைகாரி அல்ல. காரின் கண்ணாடிகளை இறக்கச் சொன்னேன், அப்போதுதான் அவனுக்குத் தெளிவாக விழும் என்று. என் காதுகளில் பஞ்சு வைத்துக்கொண்டேன். பஞ்சு உருளையில் மீதி நிறையவே இருந்தது. அவன் கேட்கவில்லை.

மிதித்தான். உள்ளங்கையை மேல்நோக்கிக் காட்டினேன். இன்னும் மிதித்தான். இன்னும் காட்டினேன். அலமாரியில் பெயிண்ட் டப்பாக்கள் நடந்தன. கண்ணாடியில் அவன் கண்கள் என் கையை விட்டு அசையவில்லை. இத்தனை ஆண்டுத் தொழில் பக்தி. எனக்குக் கை வலிக்கும்வரை காட்டினேன். மறுநாளும் சோதித்தோம், அதற்கு மறுநாளும். செய்வதைத் திருந்தச் செய்ய வேண்டும்.

“அக்கா, காதுக்குள்ள வண்டு ரீங்காரம் போடற மாதிரி இருக்கு” என்றான்.

“ஷெட்ல வண்டு இருக்கும்” என்றேன். மருந்து அடித்து, ஷெட்டைச் சுத்தம் செய்தேன்.

டீச்சர் வீடு இருக்கும் சந்து குறுகலானது. இருபுறமும் உயரமான கட்டடங்கள். பிள்ளைகள் ஜன்னலோரம் உட்கார்ந்து வயலின் பழகும் நேரத்தில்தான் அவன் போய்ச் சேருவான். ஒரு பெண்ணின் வீட்டு வாசலில் ஹார்ன் அடிப்பது நாகரிகமில்லை என்று அவனிடம் சொல்லியிருந்தேன். “இன்ஜினை நின்னபடியே நல்லா உறும விடு, நீ வந்திருக்கேன்னு அவங்களுக்குத் தெரியும்.” தெரிந்தது. அந்தக் கட்டடத்துக்கே தெரிந்தது. இரண்டு பிள்ளைகள் வகுப்பை விட்டு நின்றுவிட்டார்களாம்.

டீச்சர் இங்கே வந்து கதவருகிலேயே நின்றார். அவர் முகத்தில் கோபம் இல்லை, கண் கலங்கியிருந்தது.

“எத்தனையோ தடவை சொல்லிட்டேன், சத்தத்தைக் குறைங்கன்னு. சரி சரின்னு சிரிச்சிட்டுப் போயி, மறுநாள் அதைவிட அதிகமா வராரு. என்னைக் கேலி பண்றாராக்கா? டாக்டர் விஷயம் சொன்னீங்களா? என்ன சொன்னாரு?”

இரண்டு கேள்விகள். முதல் கேள்விக்கு, “அவன் எப்பவும் அப்படித்தான்” என்றேன். அது உண்மை. இரண்டாவதற்கு, “அந்தப் பேச்சே அவனுக்குப் பிடிக்காது” என்றேன். அதுவும் உண்மையாகத்தான் இருக்கும். கேட்டுப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். அவர் படியிறங்கிப் போனார். என் தம்பி அப்போது ஷெட்டில் காரைத் துடைத்துக்கொண்டிருந்தான், இருபதடி தள்ளி. அவர் கேட்டருகே நின்று அவன் பெயரைச் சொல்லி ஒருமுறை அழைத்ததை நான் கேட்டேன். அவன் திரும்பவில்லை.

இப்போது உங்களுக்கு விளங்கியிருக்கும். முன்னறையில் அவன் தலையாட்டியது ஒப்புதல் அல்ல. நீங்கள் கேட்ட எதுவும் அவனுக்குக் கேட்கவில்லை. இந்த மாதம் குக்கர் மட்டுமல்ல, இடியும் கேட்கவில்லை. ஆகவே அவன் ஓட்டுநர் உரிமத்தில் கை வைக்காதீர்கள். சைலன்சரைத் திரும்ப மாட்டச் சொல்லுங்கள், மாட்டிவிடுகிறோம். எனக்கு அந்தச் சத்தத்தில் எந்த ஈடுபாடும் இல்லை. மெத்தையை மறுபடி இருக்கையில் வைத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஏரிச் சாலைக்குப் போகிறோம், என் கூந்தல் கலையாத வேகத்தில்.

என்ன, காதைக் கெடுத்துவிட்டேன் என்கிறீர்களா? வார்த்தையைப் பார்த்துப் பயன்படுத்துங்கள். மற்றவர்கள் பேசுவதுதான் அவனுக்குக் கேட்பதில்லை. நான் எதிரே நின்று, முகத்தைப் பார்த்து, ஒவ்வொரு எழுத்தையும் திருத்தமாகச் சொன்னால் அவனுக்கு எல்லாம் விளங்குகிறது. கடைக்காரர் சொல்வதை நான் திருப்பிச் சொல்கிறேன். தொலைபேசியை நான் எடுக்கிறேன். முன்பைவிட ஒழுங்காக இருக்கிறது வீடு.

டீச்சரைப் பற்றி அவன் கேட்காமலில்லை. போன வாரம்கூட, “டீச்சர் இந்தப் பக்கமே வரதில்லையேக்கா?” என்றான்.

“வந்தா மணி அடிக்க மாட்டாங்களா?” என்றேன்.

யோசித்தான். “ஆமா. அடிச்சா கேக்குமே” என்று சொல்லிவிட்டு, முன்னறையில் போய் உட்கார்ந்துகொண்டான். அன்றிலிருந்து அங்கேதான் உட்காருகிறான். இன்று காலை மடிப்புக் கலையாத சட்டை போட்டிருக்கிறான், கவனித்தீர்களா?

அதோ, மணி. ஒரே முறை, சுருக்கமாக.

நீங்கள் எழுந்திருக்க வேண்டாம். இது என் வீடு. கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் அவன்தானே? பார்க்க ஆசை இருந்தால் அவனே எழுந்து போய்த் திறக்கட்டும். அவன் விருப்பத்துக்குக் குறுக்கே நான் ஒருநாளும் நின்றதில்லை.