பழைய டிஸ்க்கில் இருந்த அண்ணி

“வீடு மாத்தினா பழைய வீடு காலியாயிடும். இதுவும் அப்படித்தானே?” என்று அண்ணி ஒருமுறை என்னிடம் கேட்டாள்.

அவளுடைய லேப்டாப்பில் இருந்த சின்ன டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, அதில் இருந்ததையெல்லாம் ஒரு பெரிய டிஸ்க்குக்கு மாற்றிக் கொடுத்திருந்தேன். பழையது என் உள்ளங்கையில் இருந்தது. அதன் சூடு இன்னும் ஆறவில்லை. அதைப் பார்த்துத்தான் கேட்டாள். நான் தலையாட்டினேன்.

மேடம், இந்த விவகாரம் முழுவதிலும் அண்ணியின் முகத்துக்கு நேராக நான் சொன்ன பொய் அந்தத் தலையாட்டல் ஒன்றுதான்.

எனக்குப் பேச வராது, எழுதித் தருகிறேன் என்று சைகை காட்டியதும் நீங்கள் காகிதமும் பேனாவும் கொடுத்தீர்கள். அவசரமில்லை, நிதானமாக எழுது என்றும் சொன்னீர்கள். அண்ணன் வெளியே ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். அந்த மெயில்களை எழுதியது அவன்தான் என்று நீங்கள் முடிவு செய்துவிட்டதாகத் தெரிகிறது. அது சரியில்லை. ஏன் சரியில்லை என்பதைச் சொல்கிறேன்.

எங்களுக்குக் கீழே கடை, மேலே வீடு. கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை. அதன் நடுவில் ஒரு பிளைவுட் தட்டி இருக்கிறது. தட்டிக்கு முன்னால் அண்ணன், பின்னால் நான். வருகிறவர்களிடம் வாய் கொடுப்பது அவன் வேலை. கழற்றுவதும் மாட்டுவதும் என் வேலை. பள்ளியில் எழுந்து நின்று சத்தமாக வாசிக்கச் சொன்னார்கள். குரல் வரவில்லை, வகுப்பே சிரித்தது. மறுநாள் நான் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை. “சரி, கடையில வந்து உக்காரு” என்றான் அண்ணன். அம்மா அப்பா இல்லாத வீட்டில் என் படிப்பைப் பற்றி நடந்த பேச்சு அவ்வளவுதான்.

உதிரிப் பாகங்கள் வாங்க வெளியே போகும்போது அவன் ஷட்டரை இறக்கி, பக்கத்து இரும்புக் கேட்டையும் பூட்டிவிட்டுப் போவான். காலம் கெட்டுக் கிடக்கிறது என்பான். பூட்டு விழும் சத்தம் எனக்குப் பழக்கம். அது விழுந்த பிறகுதான் என் தோள்கள் தளரும். அவசரத்துக்கு ஒரு மாற்றுச் சாவி என் மேசை இழுப்பறையில் கிடக்கும். அது அங்கே இருப்பது அண்ணிக்கும் தெரியும்.

அண்ணி வந்த பிறகுதான் அந்த வீட்டில் மனிதச் சத்தம் கேட்டது. வந்த வாரமே எனக்கு ‘வாயாடி’ என்று பெயர் வைத்தாள். “வாயாடி, கொஞ்சம் மூச்சு விட்டுப் பேசேன், காது வலிக்குது” என்பாள், நான் ஒரு வார்த்தையும் பேசாமல் உட்கார்ந்திருக்கும்போது. மதிய வேளையில் உள்படி வழியாக இறங்கி வந்து, பழைய மானிட்டர் அட்டைப் பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்துகொள்வாள். அவளுடைய அக்கா ஸ்கூட்டர் பழகியபோது நேராகப் போய் ஒரு சலூனுக்குள் நுழைந்த கதையை எத்தனை முறை சொன்னாள் என்று எனக்கே தெரியாது. ஒவ்வொரு முறையும் சலூனில் இருந்தவரின் முகத்தில் சோப்பு நுரை கூடிக்கொண்டே போகும். அவள் பேசுவாள், நான் ஸ்க்ரூ கழற்றுவேன். எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

அண்ணன் அவளை அடிப்பானா என்று கேட்டீர்கள். கை நீட்டியது உண்டு. என்னை அடித்ததில்லை.

அவளுடைய போனை அவன் வாங்கி வைத்துக்கொண்டு ஒரு பட்டன் போன் கொடுத்திருந்தான். அதிலிருந்து யாரைக் கூப்பிட்டாலும் சாயங்காலம் எடுத்துப் பார்ப்பான். லேப்டாப்பை மட்டும் விட்டுவைத்தான். அதில்தான் அவள் ஒரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்த்தாள், சம்பளம் அவன் கணக்குக்கு வந்தது. அந்த லேப்டாப்தான் ஒருநாள் இடம் போதாமல் நின்றது. கம்பெனியே ஒரு பெரிய டிஸ்க்கை அனுப்பி வைத்தது.

“வாயாடி, என் பெட்டிக்கு மூச்சுத் திணறுது. சி டிரைவ் ரத்தச் சிவப்பா நிக்குது” என்று மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். “உங்க அண்ணன் கைக்குப் போக வேணாம். மாத்தறேன்னு உக்காந்து எல்லாத்தையும் நோண்டுவார். நீயே பண்ணிடு.”

“அங்க என்ன குசுகுசு?” என்று தட்டிக்கு முன்னாலிருந்து அண்ணன் கேட்டான்.

“உங்க தங்கச்சிதான். பேசி மாளல, காது கிழியுது” என்றாள் அண்ணி. முன்னால் நின்ற யாரோ சிரித்தார்கள்.

புது டிஸ்க்கை ஒரு சிறிய கூட்டில் செருகி, வயர் வழியாக லேப்டாப்போடு இணைத்தேன். எதிலிருந்து எதற்கு என்று திரை கேட்கும். அந்த இடத்தில் கை தடுமாறினால் காலி டிஸ்க் நிறைந்த டிஸ்க்கின் மேல் ஏறி எல்லாவற்றையும் துடைத்துவிடும். நான் தடுமாறியதில்லை. ஓ.எஸ்., அதன் மேல் அவள் போட்டிருந்த புரோகிராம்கள், போட்டோக்கள், திறந்தபடியே இருக்கும் மெயில், திரையின் பின்னணியில் அவள் வைத்திருந்த கடற்கரைப் படம், எல்லாம் வரிசை மாறாமல் போகும். திரையில் பச்சைக் கோடு மெல்ல நீண்டது.

“உங்க அண்ணன் சிரிக்கிற மாதிரி இருக்கு. வருது, வருது, வந்து சேரவே மாட்டேங்குது” என்றாள்.

டிஸ்க்கை மாற்றி மாட்டிப் போட்டதும் லேப்டாப் சட்டென்று எழுந்தது. பெரிய டிஸ்க்கில் மிச்ச இடம் எதோடும் சேராமல் கடைசியில் ஒதுங்கிக் கிடக்கும். அதையும் இழுத்துச் சேர்த்துவிட்டேன். சிவப்பு போய், நீளமான வெள்ளை வந்தது. “இவ்வளவு இடமா! இதுல யாரைக் குடி வைக்கப் போறேன்?” என்று என் தலையைக் கலைத்தாள். அப்போதுதான் வீடு மாற்றும் கேள்வியைக் கேட்டாள்.

உண்மையில் எதுவும் இடம் மாறுவதில்லை, மேடம். புதியதில் ஒரு பிரதி எழுதப்படுகிறது, பழையது அப்படியே உயிரோடு இருக்கிறது. புதியது ஒழுங்காக ஓடுகிறதா என்று தெரியும்வரை பழையதை நாங்கள் தொடாமல் வைத்திருப்போம். பிறகு வாடிக்கையாளரின் கண்ணெதிரே அழித்துக் கொடுப்போம். அது கடை வழக்கம். அண்ணி வாடிக்கையாளர் இல்லை. அவள் கேட்கவும் இல்லை.

சில நாள் கழித்து, அழித்துவிடலாம் என்று அதை என் மேசை மேல் இருக்கும் சோதனை லேப்டாப்பில் மாட்டினேன். அழிப்பதற்கு ஒரு டிஸ்க்கைத் திறந்து பார்க்க வேண்டியதில்லை. நான் திறந்தேன். கடற்கரை வந்தது. பின் நம்பர் எனக்குத் தெரியும். “மறக்காம இருக்கட்டும்னு உன் பிறந்தநாளத்தான் வச்சிருக்கேன்” என்று அவளே சொல்லியிருக்கிறாள். மெயில் எதுவும் கேட்காமல் திறந்துகொண்டது. மேலே அவள் மாடியில் உட்கார்ந்திருந்தாள், கீழே என் எதிரிலும் அவள் இருந்தாள்.

அக்காவிடமிருந்து ஒரு மெயில் வந்திருந்தது. ‘ரூம் ரெடிடி. இங்க ஆபீஸ்லயும் சொல்லி வச்சிட்டேன். அவர் சாமான் வாங்கப் போற நாள் எதுன்னு மட்டும் எழுது. நான் வண்டியோட தெருமுனைல நிப்பேன்.’

அதைப் படித்ததும் எனக்குக் கோபம் வரவில்லை. அதற்கு முந்தைய மெயில்களையும் படித்தேன். கிளம்பும் பேச்சு மாதக்கணக்கில் நடந்திருக்கிறது. ஒவ்வொரு மதியமும் என் எதிரே அட்டைப் பெட்டியின் மேல் உட்கார்ந்து அவ்வளவு பேசியவள், இதை மட்டும் பேசவில்லை. என்னைப் பற்றி ஒரு மெயிலில் ஒரு வரி இருந்தது. ‘நாத்தனார் பாவம், நல்ல பொண்ணு.’ அவ்வளவுதான்.

நான் செய்தது பெரிய வேலை இல்லை. அக்காவின் மெயில்கள் அண்ணியின் கண்ணில் படாமல் தனியாக ஒதுங்கும்படி வைத்தேன். அவற்றுக்கு அண்ணியாக நான் பதில் எழுதி, அதையும் அங்கேயே ஒதுக்கினேன். அண்ணி சேர்த்து வைத்திருந்த விலாசங்களில் அக்காவின் பெயருக்குப் பின்னால் இருந்த முகவரியை எடுத்துவிட்டு, நானே உண்டாக்கிய ஒன்றை வைத்தேன். திரையில் ‘அக்கா’ என்று பெயர் மட்டும்தான் தெரியும். அதன் பிறகு அண்ணி அக்காவுக்கு எழுதியதெல்லாம் எனக்கு வந்தது. அதற்கு அக்காவாக நான் பதில் எழுதினேன். இரண்டிலும் ஒரே மெயில் கணக்கு என்பதால், பழைய டிஸ்க்கில் செய்தது மேலே அவளுடைய புது டிஸ்க்கிலும் தானாகவே போய்ச் சேர்ந்தது.

அக்காவுக்கு, அண்ணியாக: ‘வேணாங்கா. இப்ப எல்லாம் சரியாயிடுச்சு. இவர் மாறிட்டார். போன் பண்ணாத, நானே எழுதறேன்.’

அண்ணிக்கு, அக்காவாக: ‘இங்க இப்போதைக்கு இடமில்லடி. என் வீட்டுக்காரருக்கும் இஷ்டமில்ல. கோபக்காரர்னு தெரிஞ்சுதானே கட்டிக்கிட்ட, கொஞ்சம் அனுசரிச்சுப் போ.’

இவற்றைத்தான் நீங்கள் அண்ணன் எழுதியவை என்கிறீர்கள். அவனால் முடியாது, மேடம். அக்கா ஒவ்வொரு மெயிலையும் ‘சாப்பிட்டியா’ என்று முடிப்பாள், ஆனால் கோபத்தில் இருந்தால் அதை எழுத மாட்டாள். அண்ணி முதல் வரியிலேயே ஒரு கிண்டல் வைப்பாள், பயந்திருக்கும் நாளில் இரண்டு வைப்பாள். இதெல்லாம் கவனித்து எழுத வேண்டும். இருவரில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. அண்ணனுக்கு நாலு வரி சேர்ந்தாற்போல் எழுத வராது. நான் பள்ளியில் வாய் திறக்காத பெண்தான், ஆனால் கட்டுரையில் என்னை யாரும் மிஞ்சியதில்லை.

அண்ணி முதலில் பல மெயில்கள் எழுதினாள். பிறகு குறைந்தது. ஒரு மதியம் கீழே வந்து உட்கார்ந்தவள் சலூன் கதையை எடுக்கவில்லை. “என் அக்காவே இப்படிச் சொல்லிட்டாடி, வாயாடி” என்று என் தோளில் சாய்ந்து அழுதாள். அக்கா என்ன சொன்னாள் என்று விவரம் சொல்லவில்லை. நான் முதுகைத் தடவிக் கொடுத்தேன். அன்று நான் சந்தோஷமாக இருந்தேன். உண்மையை எழுதச் சொன்னீர்கள், அதனால் எழுதுகிறேன். மறுநாள் அக்காவாக ஆறுதலாக ஒரு மெயில் போட்டேன். அந்த மாதங்களில் அவளுக்கு ஆறுதலாக எழுதியது வேறு யார்?

இழுப்பறையில் சாவி இருந்தது. அவள் கையை நீட்டினால் எட்டும். அவள் நீட்டவில்லை. போவதற்கு இடமில்லாதவளுக்குச் சாவி எதற்கு? அண்ணன் பூட்டியது கேட்டை மட்டும்தான். இதையும் நீங்கள் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும்.

நான் செய்த தவறு ஒன்றுதான். அண்ணி ஒருநாள் அக்காவுக்கு எழுதியிருந்தாள்: ‘நேத்து வலது கையை முறுக்கிட்டார். வீங்கியிருக்கு. யாருக்கும் தெரியாம முழுக்கை போட்டு மறைச்சிருக்கேன்.’ ‘பொறுத்துக்கோ, ஐஸ் வை’ என்று அக்காவாகப் பதில் போட்டேன். ஐஸ் யார் வைத்துவிடுவார்கள் என்று தோன்றியது. ஒரு துணியில் ஐஸ் கட்டிக்கொண்டு மாடிக்குப் போய் அவளுடைய வலது கையைப் பிடித்தேன். முழுக்கைச் சட்டைக்குள் இருந்த கையை. அவள் துணியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “தேங்க்ஸ்” என்றாள். வாயாடி என்று சொல்லவில்லை.

அடுத்த வாரம், அண்ணன் சாமான் வாங்கப் போயிருந்த காலையில், அக்காவுக்கென்று அண்ணியின் மெயில் ஒன்று எனக்கு வந்தது. ‘காய்ச்சல் மாதிரி இருக்கு. எலுமிச்சை ஜூஸ் குடிச்சா தேவலை போல இருக்கு. இங்க யார்கிட்ட போய்ச் சொல்றது?’ எனக்கு மனசு கேட்கவில்லை. பிழிந்து, அவளுக்குப் பிடித்தபடி உப்புப் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். கொடுக்கும்போது அவள் விரல் என் விரலில் பட்டது. அது சுடவில்லை. அதை நான் அப்போது யோசித்திருக்க வேண்டும்.

அவள் தம்ளரை ஜன்னல் கட்டையில் வைத்தாள். குடிக்கவில்லை. உள்படியில் இறங்கினாள். நான் பின்னால் போனேன். தட்டிக்குப் பின்னால் என் மேசையில் அவளுடைய கடற்கரை திறந்திருந்தது. அதன் மேல் அவளுடைய மெயில், நான் ஒதுக்கி வைத்தவை. அவள் நின்றபடியே படித்தாள். விரலால் மேலே தள்ளித் தள்ளி, முதல் மெயில்வரை போனாள். நிறைய நேரம் ஆனது. கடைசியில் அட்டைப் பெட்டியின் மேல் உட்காருவாள் என்று நினைத்தேன்.

புகார் கொடுக்க வந்த அண்ணியிடம், மெயில்களை எழுதியது யார் என்று கேட்டபோது பதில் சொல்லவே இல்லை என்றீர்கள். தெரியாததால் அல்ல. என்னைக் காட்டிக்கொடுக்க அவளுக்கு மனசு வரவில்லை. அவளுக்கு என்மேல் இருந்த பாசம் அப்படி. நீங்கள் எடுத்துப் போன அந்தப் பழைய டிஸ்க்கை வேலை முடிந்ததும் என்னிடமே கொடுத்துவிடுங்கள். அதை யாரும் அழிக்க வேண்டாம். அதில் அவள் இன்னும் என்னோடு நன்றாக இருக்கிறாள்.

அன்று அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். எதுவும் கேட்கவில்லை. இருந்தாலும் நான் தலையாட்டினேன்.

அவள் இழுப்பறையைத் திறந்து சாவியை எடுத்தாள். லேப்டாப்பை எடுக்கவில்லை, செருப்பு மட்டும் போட்டுக்கொண்டாள். பூட்டைத் திறந்து, தெருவில் இறங்கி, முனைவரை திரும்பாமல் நடந்து போனாள். கேட்டைச் சாத்தவில்லை. திரும்பி வரத்தான் அப்படித் திறந்து வைத்துவிட்டுப் போனாள்; அதனால்தான் அண்ணன் வரும்வரை நான் அதைத் தொடாமல் உள்ளேயே உட்கார்ந்திருந்தேன்.