சுண்ணாம்பு விரல்கள்

இல்லீங்க அம்மிணி, கீழ இருக்கற கோடு வேற புள்ளையோடது இல்ல. எங்களுக்கு ஒரே புள்ளைதானுங்க, சௌந்தர்யா. இந்தச் செவுத்துல இருக்கறது பூராவும் அவ விரலுதான். நுனிவிரல சுண்ணாம்புல தொட்டுக்கிட்டு எம்பித் தட்டுவா. பதிஞ்ச எடத்துக்குப் பக்கத்துல நான் கரித்துண்டுல தேதி போடுவேன். டேப்ப அப்பறம் எடுக்கலாம், அந்தச் சேர இழுத்துப் போட்டு உக்காருங்க. உள்ள மஞ்சுளா, என்ற சம்சாரம், டீ வெச்சுட்டிருக்கறா.

காலேஜுல இதுக்கே படிக்கறீங்களா? வாலிபால் ஆடற புள்ளைகளோட ஒசரம், எடை, தொடைச் சுத்தளவு எல்லாம் எடுத்து, எவ எவ்வளவு எம்பறான்னு பாக்கறதா? எத்தன புள்ளைகள அளந்திருக்கறீங்க? நூத்தி இருவதா. அப்ப உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். உங்ககிட்ட ஒண்ணு கேக்கோணும். இருங்க, கேக்கறேன்.

நான் வேலூர் ரோட்டுல ஒரு கோழிப்பண்ணைல சூப்பர்வைசருங்க. பத்தொம்பது வருசமாச்சு. முட்டைக்கோழிக்கு எடைதானுங்க எல்லாம். குஞ்சா இருக்கறப்ப இருந்தே வாராவாரம் நூறு கோழியப் புடிச்சுத் தராசுல வெப்போம். எடை ஏறிப்போச்சுன்னா தீவனத்தக் கொறைக்கோணும், கொழுத்த கோழி ஒழுங்கா முட்டை உடாது. எந்த வாரத்துக்கு எத்தன கிராமுன்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன்.

சௌந்தர்யா அப்ப அஞ்சடி எட்டங்குலம், அறுவத்தாறு கிலோ. நல்ல வாட்டசாட்டம். நெட்டுக்கிட்ட அவ எம்பி அடிச்சான்னா எதுத்தாப்பல நிக்கற புள்ளைக கைய உள்ள இழுத்துக்கும். தை மாசம் ஸ்போர்ட்ஸ் ஆஸ்டல் செலக்சன் வந்துது. இவள உட்டுட்டு ஒரு ஒல்லிப் புள்ளைய எடுத்துட்டாங்க. அது நாலு விரக்கடை கூட எம்பிருச்சுங்க, அவ்வளவுதான். பஸ்ஸுல வாரப்ப இவ சன்னலையே பாத்துட்டு வந்தா. அந்தப் புள்ள ஒல்லியா இருக்கறதாலதான் எம்புதுன்னு நான் முடிவு கட்டிட்டேனுங்க.

அடுத்த செலக்சனுக்கு ஆறேழு மாசம் இருந்துது. பண்ணைல பழைய தராசு ஒண்ணு சும்மா கெடந்துது, ஊட்டுக்குக் கொண்டாந்துட்டேன். ஞாயித்துக்கெழமை காத்தால அதுல ஏத்துவேன், அப்பறம் இந்தச் செவுத்துல எம்பச் சொல்லுவேன். காத்தால ஒரு கோதுமை தோசை, மத்தியானம் ஒரு கரண்டி சோறு, ராத்திரிக்கு வெள்ளரிக்கா. தெனமும் லாரி லாரியா முட்டை போற பண்ணைங்க. என்ற புள்ளைக்கு ஒரு முட்டை, அதுலயும் வெள்ளக்கரு மட்டும்.

பலிச்சுப் போச்சுங்க, அதுதான் வினை. அஞ்சு கிலோ எறங்குச்சு. அதா, உச்சில தெரியுது பாருங்க பங்குனி மாசக் கோடு, மூணு விரக்கடை ஏறிருச்சு. அப்பா, இன்னுங் கொறைக்கலாம்ப்பான்னா. அவளே சொன்னாங்க. அத நான் அடிக்கடி நெனச்சுக்குவேன், அவளேதான சொன்னான்னு.

அதுக்கப்பறம் எடையும் எறங்குது, கோடும் எறங்குது. இன்னுங் கொறைஞ்சா ஏறிரும்னு நான் இருக்கறேன். மூணு மாசமா புள்ளைக்குத் தீட்டு வரலீன்னு மஞ்சுளா அழுதா. எடை பத்தாத கோழி முட்டைக்கு வாராதுங்க. ஊருல மத்தவனுக்கு அது தெரியாது, எனக்குத் தெரியும். தெரிஞ்சும், வெளையாடற புள்ளைக்கு அப்படித்தான் இருக்கும்னு அவ வாய அடைச்சேன்.

ஆடி பதினெட்டு முடிஞ்சு வந்த ஞாயித்துக்கெழமை. தராசுல நாப்பத்தாறு. எம்புனா, போன வாரக் கோட்டுக்குக் கூட வரல. மறுக்காவும் வரல. இன்னொருக்கா சாமின்னேன். நீங்க வேற புள்ளையோடதான்னு கேட்டீங்கல்ல, அந்தக் கோடு அதுதானுங்க. தட்டிட்டு எறங்குனவ செவுத்தப் புடிச்சுட்டே உக்காந்தா. நான் தண்ணி கொண்டாரதுக்குள்ள போயிட்டா. சத்தில்லாம இருதயம் நின்னுருச்சுன்னு ஆஸ்பத்திரில சொன்னாங்க. ரெண்டு வருசமாச்சு. அளக்கறதுக்குன்னு உங்களுக்குக் குடுத்த லிஸ்ட்டுல இவ பேர அடிக்காம உட்டுட்டாங்களாட்ட இருக்குது.

எந்திரிக்காதீங்க அம்மிணி, உக்காருங்க. கேக்கறேன்னு சொன்னத கேட்டர்றேன். எடை கொறைஞ்சா எம்பறது கூடுமுங்களா?

இல்லீங்களா. கொழுப்பு வேற, சதை வேறயா. தொடைல சதை இருந்தாத்தான் தூக்குமா. ம்.

சித்ரா டீச்சரும் இதையேதானுங்க சொன்னாங்க. இவளுக்கு வாலிபால் சொல்லிக் குடுத்தவங்க. செலக்சன் முடிஞ்ச அன்னிக்கே பஸ் ஸ்டாண்டுல வெச்சுச் சொன்னாங்க. காலுக்குப் பலம் பத்தலீங்கண்ணா, தெனம் மூணு முட்டை குடுங்க, ரெண்டு கிலோ ஏறுனாலும் பரவால்லன்னு. பத்தொம்பது வருசமா எடை போடறவனுக்கு இந்தம்மா சொல்லித் தர்றதான்னு நெனச்சேன்.

போலீஸ்ல கேட்டப்ப, டீச்சர்தான் எடையக் கொறைக்கச் சொன்னாங்கன்னு சொல்லிட்டேன். வாயில அதுதான் வந்துது. சொந்தக்காரங்க பூராம் போயி பள்ளிக்கூடத்து முன்னால உக்காந்துட்டாங்க. டீச்சருக்கு வேல போயிருச்சு. இப்ப சூரமங்கலத்துல ஏதோ துணிக்கடைல நிக்கறாங்களாம்.

டீ வருதுங்க. சக்கரை பத்தலீன்னா கேளுங்க. கடைசியாச் சொன்னத மட்டும் மஞ்சுளாகிட்டச் சொல்லிராதீங்க அம்மிணி. தெனமும் வெளக்கு வெச்சு அந்த டீச்சருக்குத்தான் சாபம் உட்டுட்டிருக்கறா.