இரண்டு முறை வந்த வரி

அந்த அறையில் குளிர் சற்று அதிகம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மலைநாட்டு அட்டனில் ஊரே கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு நடக்கும்போது, கம்ப்யூட்டருக்குச் சூடு ஆகாது என்று வெளிநாட்டுக்காரர்கள் ஒரு குளிரூட்டியைப் பொருத்திவிட்டுப் போயிருந்தார்கள். நான் குரங்குத் தொப்பி போட்டு, விரல் நுனியை வெட்டிய கையுறையோடு இருமிக்கொண்டே தட்டச்சு செய்வேன். தேநீர் கொண்டுவரும் றோசலின் என்னைப் பார்த்துச் சிரிக்காத நாளில்லை. நீங்களும் சிரிக்கலாம். விசாரணை அதிகாரி சிரிக்கக் கூடாது என்று சட்டமா இருக்கிறது?

1987இல் அங்கே நடந்தது காசநோயைத் தேடும் திட்டம். எக்ஸ்ரே வண்டி தேயிலைத் தோட்டம் தோட்டமாகப் போய் நெஞ்சைப் படம் பிடிக்கும். படத்தில் நிழல் தெரிந்தவர்களின் பெயர்கள் கம்ப்யூட்டரில் ஏறும். பிறகு அவர்களுக்குக் கடிதம் போகும். அந்தக் கடிதத்தைக் காட்டினால்தான் கிளினிக்கில் மாத்திரை கொடுப்பார்கள். பெயர்களை வைத்திருந்தது ஒரு புரோகிராம். கடிதம் அச்சடித்த தரவுத்தளம் வேறொன்று. கோபித்துக்கொண்ட பங்காளிகள் மாதிரி இரண்டும் பேசிக்கொள்ளாது. முதலாவதைக் கேட்டால் பட்டியலை வெறும் எழுத்தாகத் திரையில் கொட்டும். அதை அள்ளி இரண்டாவதன் கட்டங்களுக்குள் ஒழுங்காக இறக்க வேண்டும். அதற்காகவே என்னைச் சம்பளத்துக்கு வைத்திருந்தார்கள்.

கொழும்பில் மூன்று மாதப் பயிற்சி, ஒரு சான்றிதழ், அவ்வளவுதான் என் படிப்பு. ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை. ஆனால் அந்தச் சின்னச் சின்ன ஆணைகள் எனக்குப் பிடித்திருந்தன. ஓர் ஆணை துப்புவதை அடுத்த ஆணை விழுங்கும். நடுவில் ஒரு நிமிர்ந்த கோடு போட்டால் போதும். ஒன்று தலைப்புகளை வெட்டும், ஒன்று இடைவெளிகளைக் கமாவாக்கும், ஒன்று அகரவரிசையில் அடுக்கும். எல்லாவற்றையும் ஒரே வரியில் கோத்துவிட்டு, பெரிய மேதையைப் போலக் கைகட்டி உட்கார்ந்திருப்பேன்.

இரண்டு தொல்லைகள் இருந்தன. தோட்டத்துப் பெரியவர்களிடம் வயது கேட்டால் அறுபது இருக்கும், எழுபதும் இருக்கும் என்பார்கள். பாதிப் பேருக்கு வயது காலியாக இருந்ததால் கட்டங்கள் சறுக்கின. வயதை முழுவதுமாக வெட்டிவிட்டேன். அடுத்தது, பட்டியல் முப்பத்தொரு பக்கம். ஒவ்வொரு பக்கத்தின் கடைசி வரியும் அடுத்த பக்கத்தின் தலையில் மறுபடி வந்தது. அதற்கும் ஓர் ஆணை உண்டு. ஒரே மாதிரியான வரிகளில் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடும். முப்பது வரிகள் போக வேண்டும். போயின என்று நம்பினேன்.

"மத்தியாஸ், எல்லாம் சரியா?" என்று நிர்வாகி லோரன்ஸ் ஐயா கேட்டார்.

"எல்லாம் சரிங்க ஐயா" என்றேன். அன்று எனக்கு வேறெதுவும் தெரியாது. அதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள்.

ஐந்து வாரம் கழித்து அழகம்மா என்றொரு பெண் கொத்மலைப் பக்கத் தோட்டத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து என் ஜன்னலுக்கு வெளியே நின்றார்.

"மாமாவுக்குக் கடுதாசி வந்துருச்சுங்க. எங்க பெரியவனுக்கு வரலைங்க. ரெண்டு பேரு நெஞ்சுலயும் நெழலு இருக்குன்னுதாங்க சொன்னாங்க."

மகனின் பெயரைக் கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"அத நான் எப்புடிங்க சொல்றது? மாமா பேருதாங்க அவனுக்கும்."

கையிலிருந்த கடிதத்தை நீட்டினார். செல்லசாமி, தகப்பன் பெயர் சின்னத்தம்பி, லயம் என்கிற தோட்டத்து வரிசை வீட்டின் எண், அறை எண். மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்வதில்லை. பெற்ற மகனைப் பத்தொன்பது வருடமாகப் பெரியவன் என்றே கூப்பிட்டிருக்கிறார். பேரனுக்குத் தாத்தா பெயரை வைப்பது எங்கள் லயங்களில் வழக்கம். தலைமுறைதோறும் அப்படி வைத்தால் தாத்தாவும் செல்லசாமி, தகப்பன் சின்னத்தம்பி. பேரனும் செல்லசாமி, தகப்பன் சின்னத்தம்பி. இருவரும் ஒரே அறையில் படுப்பவர்கள். நோயும் அப்படித்தான் ஒட்டியிருக்கிறது. வயதை வெட்டிவிட்டால் இரண்டு வரிகளுக்கும் வித்தியாசமே கிடையாது.

"ஒரு செல்லசாமிதாம்மா இருக்காரு. அவருக்குக் கடிதம் போயிருச்சு."

"இருமுனா ரத்தமா வருதுங்க சார். இன்னொரு தடவ பாருங்க."

"பார்த்துட்டேன். கம்ப்யூட்டர் பொய் சொல்லாதும்மா."

"மிசினுக்குத் தெரியாததாங்க" என்று சொல்லிக் கும்பிட்டுவிட்டுப் போனார். அவர் வந்ததைப் பதியும் மனுப் படிவத்தில், விண்ணப்பதாரர் பெயர் சொல்ல மறுத்தார் என்று எழுதிவைத்தேன். அது பொய்யில்லை.

அவர் போன பிறகு எண்ணிப் பார்த்தேன். ஆயிரத்து இருநூற்று முப்பத்து நான்கு இருக்க வேண்டிய இடத்தில் ஆயிரத்து இருநூற்று இருபத்து மூன்று. பதினொரு பேர் குறைவு. கையால் அடித்தால் கால்மணி நேர வேலை. ஆனால் முந்தின வாரம்தான் லோரன்ஸ் ஐயா பார்வையாளர்களிடம், "எங்க மத்தியாஸ் ஒரு வரிகூட விடமாட்டான்" என்று என் தோளைத் தட்டியிருந்தார். வெட்கம் என்று ஒன்று இருக்கிறதே. ஆகவே பதினொரு வரிகளைச் சேர்ப்பதற்குப் பதிலாக, தரவுத்தளத்தில் இருந்ததைத் திரும்ப எழுத்தாக ஊற்றி மூலப் பட்டியலின் மேலேயே கொட்டினேன். ஒரே ஒரு குறி போதும், பழையது அழிந்துவிடும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். அவர்களிடம் கம்ப்யூட்டர் இருந்ததில்லை.

செல்லசாமிக் கிழவர் தன் மாத்திரையில் பாதியைப் பேரனுக்குக் கொடுத்தாராம். பாதி மாத்திரை யாரையும் குணப்படுத்தாது. பேரன் பெப்ரவரியில் இறந்தான், கிழவர் ஏப்ரலில். அழகம்மா மறுபடி வரவில்லை. அந்தப் பதினொரு பேரில் நால்வர் இப்போது இல்லை என்று நீங்கள்தான் சொன்னீர்கள். வருத்தமாக இருக்கிறது. தெரியாமல் செய்த பிழைக்கு மனிதன் எவ்வளவு வருத்தப்படலாமோ அவ்வளவு படுகிறேன்.

பதினொன்று என்று எழுதிவிட்டீர்களா? அதில் ஒரு சின்னத் திருத்தம். பட்டியலை ஏற்றிய அன்றே எண்ணினேன். அப்போது பன்னிரண்டு பேர் குறைவாக இருந்தார்கள். எங்கள் நானுஓயாத் தோட்டத்துக்கும் எக்ஸ்ரே வண்டி வந்திருந்தது. மத்தியாஸ், தகப்பன் பெயர் ஞானரட்ணம் என்று இரண்டு வரிகள் வந்திருக்க வேண்டும்; தரவுத்தளத்தில் ஒன்றுதான் இருந்தது. ஒன்று தாத்தாவுக்கு, மற்றது எனக்கு. என்ன நடந்திருக்கிறது என்று அப்போதே புரிந்துவிட்டது. என் வரியை மட்டும் கையால் அடித்துச் சேர்த்தேன். கடிதம் ஒழுங்காக வந்தது, மாத்திரையும் ஒரு வேளைகூடத் தவறாமல் சாப்பிட்டேன். போன மாதம் எடுத்த படத்தில் என் நெஞ்சு சுத்தமாக இருக்கிறது என்று டாக்டர் சொன்னார்.